தராசில் வளைந்த தட்டு

எண்பதுகளில் நான் கிளியூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். ஏற்காட்டுப் பள்ளி ஒன்றின் விளையாட்டு வாத்தியார் வெளிநாடு போய்த் திரும்பும்போது வீசினால் பறக்கிற கொஞ்சம் பிளாஸ்டிக் தட்டுகளையும் ஒரு புது ஆட்டத்தையும் கொண்டுவந்தார். சில்வர் ஓக் மரங்களில் காப்பிப்பழம் பறிக்கிற கூடைகளைக் கட்டித் தொங்கவிட்டு, தூரத்திலிருந்து தட்டை வீசிக் கூடைக்குள் போட வேண்டும். குறைந்த தடவை வீசிப் போட்டவருக்கு ஜெயம். ஞாயிற்றுக்கிழமையானால் எஸ்டேட்டே அந்த ஆட்டத்தில் பைத்தியமாகக் கிடந்தது.

அதற்கு ஒரு சட்டம் உண்டு. தட்டு விறைப்பாக இருக்கக் கூடாது. விறைத்த பிளாஸ்டிக் வேகமாக வந்தால் விளிம்பு ஆளை வெட்டிவிடும். ஆபீசில் பார்சல் நிறுக்கும் தராசின் மேல் ஆட்டத் தட்டை நெட்டுக்குத்தாக நிறுத்தி, மேலிருந்து கையால் அமுக்க வேண்டும். முள் சிவப்புக் கோட்டைத் தொடுவதற்குள் தட்டு வளைந்து கொடுத்தால் சரி, இல்லையென்றால் தள்ளுபடி. அமுக்கிப் பார்க்கும் வேலையை வாத்தியார் என்னிடம் கொடுத்தார். சும்மாவே நான் ரூல் பேசுகிறவன். அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும்!

என் மனைவியின் தம்பி கரடியூரிலிருந்து வந்து ஆடுவான். அவனுடைய தட்டு பழசு, இரும்பாய்க் கிடக்கும். ஆனால் மற்றவர் தட்டைவிட இரண்டு மரம் தள்ளிப் போய் விழும். இரண்டு வாரம் தொடர்ந்து அதைத் தள்ளினேன்.

"ஏனுங்க, என்ற தம்பிய மட்டும் வேணும்னே ஒதுக்கறீங்களா?" என்று வீட்டில் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சோறு வந்தது, பேச்சு வரவில்லை.

பக்கத்து எஸ்டேட்டோடு போட்டி வைத்த அன்று தை மாதக் குளிர். அமுக்கிய தட்டெல்லாம் ஐஸாகச் சில்லிட்டது. மைத்துனன் ஸ்வெட்டருக்குள்ளிருந்து அதே பழைய தட்டை எடுத்து நீட்டினான். தராசில் வைத்து அமுக்கினேன், வளைந்தது. என் உள்ளங்கையில் சூடு தெரிந்தது. சூடு காட்டி இளக்கி எடுத்து வந்திருக்கிறான் என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. எதிரே என் மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு வாரம் மௌனச் சோறு தின்ன எனக்குத் தெம்பில்லை. "செல்லும்" என்றேன்.

அவன் முறை வருவதற்குள் ஒரு மணி நேரமாகிவிட்டது. குளிரில் தட்டு மறுபடி விறைத்திருக்கும். விழுந்ததா இல்லையா என்று கத்திச் சொல்ல அவள் கூடையருகே நின்றாள். அவன் வீசிய தட்டைக் காற்று திருப்பியது. விளிம்பு அவள் இடது கண்ணில் பட்டது.

ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோனோம். இனி அந்தக் கண்ணில் பார்வை வராது என்றார் டாக்டர். வெளியே வந்து, எல்லார் முன்னாலும் மைத்துனன் சட்டையைப் பிடித்தேன். "ஏமாத்திட்டயேடா! இனி என்ற ஊட்டுப் படி மிதிக்காதே!" அவன் தலையைக் குனிந்தபடி போய்விட்டான். அப்போது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைச் சொல்ல இன்றும் நாக்கூசுகிறது.

அதன்பின் எட்டு வருஷம் அவன் வரவில்லை. தம்பி பேச்சை எடுத்தாலே எரிந்து விழுவேன், அவளும் விட்டுவிட்டாள். கண்ணைப் பற்றி யாராவது கேட்டால், "யாரு மேலயும் தப்பில்லீங்க. எங்கூட்டுக்காரரு அமுக்கிப் பாத்துத்தானுங்க உட்டாரு" என்பாள். ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைத்தேன்.

ஒரு சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்க முயன்றுகொண்டிருந்தாள். ஒற்றைக் கண்ணுக்கு ஊசிக் காது பிடிபடாமல் நூல் பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. தட்டு சூடாக இருந்தது தெரிந்துதான் விட்டேன் என்று சொல்லி அழுதேன்.

அவள் ஊசியை மடியில் வைத்தாள். பிறகு, "சூடு பண்ணுனது நாந்தானுங்க" என்றாள். "வேண்டாங்க்கா, மாமாவ ஏமாத்தக் கூடாதுன்னு அவன் நொம்பச் சொன்னானுங்க. நாந்தான் கையிலிருந்து புடுங்கி வெந்நிப் பானைல முக்குனேன். உங்களுக்குத் தெரியாமப் பண்ணிட்டனேன்னு இத்தன வருசமாச் சொல்ல வாய் வரலீங்க."

மறுநாள் முதல் பஸ்ஸில் கரடியூர் போனேன். அவன் வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தான். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வார்த்தை கோத்து வைத்திருந்தேன். அவன்தான் முதலில் பேசினான்.

"வாங்க மாமா. அக்காளுக்கு இன்னொரு கண்ணு நல்லாத் தெரியுதுங்களா?"