திருச்சிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?

விமானம் தாமதமானால் விமானியை யாரும் திட்டுவதில்லை. டிக்கெட் போட்டவளைத்தான் திட்டுவார்கள். கவுண்டருக்குப் பின்னால் ஒரு நாளாவது உட்கார்ந்தவர்களுக்கு என் பாடு புரியும். பிரிக்பீல்ட்ஸில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை என்னுடையது. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் பறக்க நாலு மணி நேரம். அங்கே கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். இந்தக் கணக்கில் என்னை அசைக்க ஆளில்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

வேகமான விமானம்

மேரு என்கிற ஊரிலிருந்து ஒரு லோரி டிரைவர் வந்தார். போகும்போது காலை ஒன்பதுக்கு ஏறிப் பத்தரைக்கு இறங்குகிறார். திரும்பும்போது பதினொன்றரைக்கு ஏறி மாலை ஆறுக்குத்தான் இறங்குகிறார். இது என்ன அநியாயம் என்றார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, முள்ளைத் திருப்பித் திருப்பி விளக்கினேன். பொறுமையாகத் தலையாட்டினார்.

"எல்லாம் புரியுது அக்கா. வரப்பவும் அந்த ஸ்பீடா போற பிளேனையே போட்டுக் கொடுங்க லா."

ராகு காலம்

செந்தூல் ஆன்டி ஒருவர் மகனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார். அதே விமானம், வெள்ளிக்கிழமை. இறங்குகிற பத்தரைக்கு அங்கே ராகு காலம் ஆரம்பம். அந்த நேரத்தில் அந்த மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்றார். வேறு நாளில் இடமும் இல்லை. "நம்ம ராகு காலம் ஆகாயத்துலயே கழிஞ்சிடும் ஆன்டி. நீங்க வாட்ச மட்டும் மாத்தாதீங்க" என்று துணிந்து அடித்துவிட்டேன். சம்பந்தம் பேசி முடித்துத் திரும்பியவர் நேராகக் கடைக்கு வந்தார்.

"அங்க இருந்த வரைக்கும் மலேசியா டைம்லதான் சாப்ட்டேன், தூங்குனேன். ஒரு குறையும் வரல."

கொடுத்த வாக்கு

ஜெஞ்சாரோமில் வாழ்க்கைப்பட்ட செல்விக்குத் திருச்சிப் பக்கம் பிறந்த வீடு. அப்பா இறந்துவிட்டார் என்று காலையில் பாஸ்போர்ட்டும் கையுமாக ஓடி வந்தாள். இரண்டு மணி விமானத்தில் ஓர் இடம் இருந்தது. ஆனால் அவள் அண்ணன் போனில் கணக்குப் போட்டார்: இரண்டும் நாலும் ஆறு, அப்புறம் கார், ஏழாகிவிடும். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும், காத்திருக்க முடியாது என்றார். செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போனை நான் வாங்கினேன். "உங்க ஊர் நேரத்துக்கு மூணரைக்கே இறங்கிடுவா. அஞ்சு மணிக்கு வீட்டு வாசல்ல நிப்பா. அதுவரைக்கும் எடுக்காதீங்க."

அவளை ரயில் ஏற்றி விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். விமானம் என் பேச்சைக் கேட்டா பறக்கிறது? அது மேலே ஏறியது தெரிந்த பிறகும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் சொன்னதை நம்பி ஒரு ஊரே காத்திருக்கிறது என்று நினைக்கப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கடையைப் பூட்டும் நேரத்தில் அண்ணன் கூப்பிட்டார்.

"நீங்க சொன்ன நேரத்துக்கு வந்துட்டா அக்கா. அவ கையால அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்ட பிறகுதான் எடுத்தோம்."

இப்போதெல்லாம் டிக்கெட்டைக் கைபேசியிலேயே போட்டுக்கொண்டு, எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்க மட்டும் என் கடைக்கு வருகிறார்கள். அந்தக் கேள்விக்குக் கட்டணம் வைக்கத்தான் எனக்கு இன்னும் மனம் வரவில்லை.