முட்டி வலி என்று சொல்லிவிட்டேன்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாவதோடு நின்றவள். கோணல்மாணலாக இருக்கும், நடுவில் மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து எனக்கு அடி இறக்கம். கர்ப்பப்பை கீழே இறங்கி வரும், இருமினால் மூத்திரமும் கசியும். யாரிடமும் சொன்னதில்லை. உடையார்பாளையம் பக்கம் முந்திரிக்காட்டில் எல்லோரும் குந்தி உட்கார்ந்து கொட்டை பொறுக்க, நான் மட்டும் நின்றபடி குனிவதைப் பார்த்து மருமகள் கேட்டுவிட்டாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன்.

அரசு ஆஸ்பத்திரியில் குறையில்லை. என் பிரசவமெல்லாம் அங்கேதான். ஆனால் வரிசையில் நம் ஊர் ஆள் யாராவது நிற்பார்கள். அதனால் அரியலூரில் காசு கட்டிப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பெண் டாக்டர், கதவைச் சாத்திப் பார்ப்பார்களாம்.

மருமகள் தண்ணீர் வாங்கப் போன நேரம், சீட்டுப் போடும் பெண் கூட்டத்துக்கு நடுவில் சத்தமாகக் கேட்டாள்.

"பாட்டி, ஒடம்புக்கு என்னா?"

பக்கத்து நாற்காலியில் எங்கள் தெருப் பெரியவர். "முட்டி வலி" என்று சொல்லிவிட்டேன். எலும்பு டாக்டரிடம் அனுப்பினார்கள். அவரும் காலை மடக்கி நீட்டிப் பார்த்து, களிம்பு எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வந்த மருமகளுக்கு ஒரே சிரிப்பு. "ஏன் அத்தே, பஸ் ஏறி வந்தது இந்தக் களிம்புக்கா?"

"அந்த ஆளு பாத்துக்கிட்டே இருந்தாருடி. வா, வூட்டுக்குப் போயிடலாம்."

"அதெல்லாம் முடியாது. உக்காருங்க."

நேரே போய்த் தன் பேரிலேயே பெண் டாக்டருக்குச் சீட்டு வாங்கினாள். பெரியவர் விடுவாரா? "என்ன தாயி, விசேஷமா?"

"ஆமா மாமா, உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன்."

காலேஜ் போகும் பிள்ளை இருக்கிறான் அவளுக்கு! எனக்குத் தலை நிமிரவில்லை.

உள்ளே போனதும் டாக்டரம்மா அவளைப் பார்த்து, "சொல்லும்மா" என்றார்.

"எனக்கில்ல டாக்டர், எங்க அத்தைக்கு."

எழுந்து கதவைச் சாத்தியவர் டாக்டரம்மாதான். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இத்தன வருசமாவா தாங்கிக்கிட்டு இருந்தீங்க?" என்றார். ஆபரேஷன் இப்போது வேண்டாமென்று, கர்ப்பப்பை இறங்காமல் தாங்க உள்ளே ஒரு ரப்பர் வளையம் வைத்துவிட்டார்.

இப்போது விக்கிரமங்கலத்தில் மகள் வீட்டில் நாலு நாள் சேர்ந்தாற்போல் தங்குகிறேன். முன்பு துணி நனையுமே என்று பயந்து, போன அன்றே திரும்பிவிடுவேன். மருமகளைத்தான் தெருவில் கொஞ்ச நாள், "எத்தன மாசம்?" என்று கேட்டார்கள். அவளும் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

வளையத்தை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவச் சொன்னார்கள் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. மருமகளிடமோ விவரம் தெரிந்த டாக்டரிடமோ கேட்டு, யாராவது இங்கே சேர்த்துவிடுங்கள். என்னைப் போல ஒருத்தி படித்தால் அவளுக்கு ஆகும்.