விரல் இல்லாமல் அடித்த நாடி

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். பதினெட்டு வருடம் தாதியாக வேலை செய்தவள், செத்தவர்களைத் துடைத்து அனுப்பியவள், எனக்கு என்ன பயம்? நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

சண்டைக்காலம். பாலையூற்றில் ஒரு சின்னக் கிளினிக்கில் வேலை. கண்டிப் பக்கத்து இன்ஜினியர் ஒருவர் தான் செய்த பெட்டியொன்றைப் பரீட்சித்துப் பார்க்கத் தந்திருந்தார். கையில் பட்டி கட்டிக் காற்றடிக்காமலே பிரஷர் பார்க்கிற பெட்டி. விரலில் கிளிப்பை மாட்டினால் சிவப்பு வெளிச்சம் எரியும், விரலுக்குள் இரத்தம் ஓடுவதை அந்த வெளிச்சத்தால் பிடித்துத் திரையில் அலையாகக் காட்டும், அதை வைத்தே பிரஷரைச் சொல்லும். முதல் தடவை மட்டும் பட்டி கட்டிப் பார்த்து அந்த ஆளின் அளவைப் பதிய வேண்டும். ஆளுக்கு ஒரு இலக்கம்.

என் தம்பி குகனையும் பிடித்து இருத்திப் பதிந்தேன். பதினோராம் இலக்கம். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன், நல்ல உடம்பு, ஆனால் நாடி மூன்று தரம் அடித்துவிட்டு ஒரு அடி தவறும். பயமில்லை என்று டாக்டர் சொன்னார்.

"உன்ர நெஞ்சு லீவு போடுதடா" என்றேன்.

"அதுக்காவது லீவு கிடைக்குதே அக்கா" என்று சிரித்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு வேலைக்குப் போனான். பத்து மணிபோல துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம், பிறகு ஆமியின் சுற்றிவளைப்பு, ஊரடங்கு. கிளினிக்கில் நானும் காவலாளி மன்சூர் நானாவும் அகப்பட்டுக்கொண்டோம். "வேலைக்குப் போன பெடியளை வாகனத்தில ஏத்திட்டாங்களாம் தங்கச்சி" என்று அவர் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுவந்து சொன்னார்.

பகல் இரண்டு மணி பத்து நிமிடம். மேசையில் கிடந்த பெட்டியில் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது, சுவிட்சை நான் போடவில்லை. கிளிப்பில் விரல் இல்லை, திரையில் அலை ஓடுகிறது. வெளிச்சம் ஆடினால் பெட்டி ஏமாறும் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார், அதனால் யன்னலைச் சாத்தினேன், கிளிப்பைத் துவாயால் சுற்றினேன். நம்பினால் நம்புங்கள், அலை நிற்கவில்லை. மூன்று அடி, ஒரு இடைவெளி. மூன்று அடி, ஒரு இடைவெளி. திரையின் மேலே இலக்கம் பதினொன்று. பிரஷர் இருநூறைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

"இது ஆருட நாடி தங்கச்சி?" என்றார் மன்சூர் நானா.

பட்டரி கிடைக்காத காலம் அது. விரலிலிருந்து கிளிப்பை எடுத்த கையோடு பெட்டியை நிறுத்துவது எங்கள் பழக்கம். பதற்றத்தில் கிளிப்பைக் கையில் எடுத்தேனா, பழகிய மற்றக் கை தன்பாட்டில் போய் சுவிட்சை அமத்திப் பெட்டியை நிறுத்திவிட்டது. உடனே திரும்பப் போட்டேன். நேர்கோடு. இரவு முழுக்கப் போட்டுப் போட்டுப் பார்த்தேன், நேர்கோடுதான்.

குகன் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இன்ஜினியரிடம் கேட்டேன். பெட்டி அளவை மட்டும்தான் வைத்திருக்கும், பழைய அலையைத் திரும்பக் காட்டாது என்றார்.

காணாமல் போனவர்களுக்கென்று எத்தனையோ படிவம் நிரப்பிவிட்டோம். கடைசியாக உயிருடன் கண்ட நேரம் என்று எல்லாவற்றிலும் ஓர் இடம் இருக்கும். "ஆறரை எண்டு எழுது பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுத்தானே போனவன்" என்பார் அம்மா. நானும் அப்படியே எழுதுவேன். அது பொய். இரண்டு பத்துக்கும் அவன் உயிரோடிருந்தான். அதைச் சொன்னால், பிறகு என்ன நடந்தது என்று அம்மா கேட்பாரே.