தொட்டியில் மிதந்த எண்ணெய்

முழங்கைகளிலும் முதுகிலும் எனக்குச் சொரியாசிஸ். சிவந்து தடித்து, செதில் செதிலாக உதிரும். அடுத்தவருக்கு ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பார்க்கிறவர்கள் டாக்டரைக் கூட வைத்துக்கொண்டா பார்க்கிறார்கள்? கொல்கத்தா வேர்வையிலும் மணிக்கட்டு வரை மூடும் ரவிக்கைதான் போடுவேன்.

மகளுக்கு வளைகாப்பு என்று முடிவானதும் தூக்கம் போயிற்று. லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் வரும். பெண்ணுக்குப் போட்ட கையோடு அம்மாவின் கையையும் பிடித்து வளையல் ஏற்றுவார்கள். அதற்குள் தோல் ஆறியாக வேண்டும்.

மாடிவீட்டு வங்காளிப் பெண்தான் பக்ரேஸ்வர் வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப்போனாள். எனக்கு அவள் பௌதி, அண்ணி; அவளுக்கு நான் தீதி, அக்கா. "ரெண்டு மூணு நாள் முங்குங்க தீதி, பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி உரிஞ்சிடும்." ரயிலில் எனக்கு ஒரே யோசனை. சூட்டில் பிரஷர் ஏறி மயங்கி விழுந்தால்? கந்தகத் தண்ணீர் வெடிப்பில் பட்டு எரிந்தால்?

இத்தனை கவலைப்பட்டவள் கவலைப்பட வேண்டியதை விட்டுவிட்டேன். அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வெந்நீர் என்றால் எனக்கு எண்ணெய்க் குளியல்தான், வேறு தெரியாது. லாட்ஜ் அறையிலேயே தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து ஊறினேன். மேலே முழுக்கை நைட்டியை மாட்டிக்கொண்டு, சீயக்காய்ப் பொட்டலத்தோடு பெண்கள் தொட்டியில் இறங்கினேன்.

இதமாகத்தான் இருந்தது. வருடக்கணக்கான அரிப்பு அப்படியே அடங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது என்னைச் சுற்றித் தண்ணீர் பல நிறமாகப் பளபளத்தது.

"எண்ணெயோட எறங்கினது யாரு?" என்று ஒருத்தி கத்தினாள்.

"சீ, என் புடவையெல்லாம் பிசுக்கு!"

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண் குனிந்து என் கையைப் பற்றி இழுத்தாள். எண்ணெயில் வழுக்கிய நைட்டிக் கை தோள் வரை சுருண்டது. சட்டென்று சத்தம் நின்றது. கத்தியதே தேவலை. ஒரு பெண் தன் குழந்தையை வாரிக்கொண்டு படியேறினாள்.

"தீதி, குளிக்க வந்தீங்களா, சாம்பார் தாளிக்க வந்தீங்களா?" என்றாள் பௌதி. பிறகு எல்லோரையும் பார்த்து, "ஒட்டாது, யாருக்கும் ஒட்டாது" என்று கூவினாள். அவள் கூவக் கூவ நான் கூசிப்போனேன். மறுநாள் ஓரமாக உட்கார்ந்து பக்கெட்டில் மொண்டு ஊற்றிக்கொண்டதோடு சரி.

ஊருக்குத் திரும்பிய சில நாள் அரிப்பு குறைவு. செதில் இளகி உதிர்ந்தது. பிறகு பழையபடியே. டாக்டர் இங்கிலீஷில் நிறையச் சொன்னார். எட்டாவதோடு நின்றவள், புரிந்ததுபோல் தலையாட்டினேன். அவரே வங்காள மொழியில் சொன்னார்: அந்தத் தண்ணீர் ஆற்றும், தோலை இளக்கும், நோயைத் தீர்க்காது, களிம்பை நிறுத்தாதீர்கள்.

வளைகாப்பன்று முழுக்கை ரவிக்கைதான். "அம்மா, இந்த வெக்கையிலா?" என்றாள் மகள். அவள் வளையலை எடுத்து என் கையைப் பிடித்தாள். கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பௌதியும்தான்.

ரவிக்கைக் கையை ஒரு மடிப்பு மடித்தேன். இரண்டு வளையலுக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.