மைக்கை அணைத்த குழிகள்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலைந்து வருடம் ஓடிவிட்டது. நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன். அதோடு மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். எட்டாவதோடு நின்றவன் என்னத்தை எழுதுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது வெறும் சாக்கு. எழுதினால், தொட்ட இடத்தில் தண்ணீர் வரும் என்ற என் கைராசிப் பேர் போய்விடும் என்பதுதான் உண்மை. இன்று காலை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, முருகன் விட்ட வழி என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரன். தண்ணீருக்குப் போர் போடும் ரிக் வண்டியில் முப்பது வருடம் டிரில்லராக இருந்தவன். பூமியைத் துளைத்துக்கொண்டு இரும்பு ராடு இறங்கும்போது மேலே நிற்கிறவனுக்குக் கண்ணால் பார்க்க ஒன்றும் இல்லை. காதுதான் எல்லாம். கெட்டிப் பாறையில் சத்தம் ஒரே சீராக இருக்கும். வெடிப்பு வந்தால் ஒரு கணம் மூச்சு விட்ட மாதிரி தளரும். வெளியே வருகிற கல்மாவு மெல்ல ஈரமாகித் திரளும். அதற்கு முன்பே என் காதுக்குத் தெரிந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நின்று நின்று வந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எலுமிச்சை நறுக்கி, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டித்தான் ராடை இறக்குவோம். நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் வீட்டு அம்மா மஞ்சள் பூசிய குடத்தோடு வந்து உட்கார்ந்திருப்பார். முதல் தண்ணீரைப் பிடித்துச் சாமிக்கு ஊற்ற வேண்டும். அந்தக் குடம் இருக்கிற இடத்தில் ‘இல்லை’ என்ற சொல்லை டிரில்லர் வாயால் சொல்லக் கூடாது. பூசையின்போது கழற்றிய செருப்பை, குழி வறண்டது என்று தெரிந்ததும் பேசாமல் மாட்டிக்கொள்வேன். வண்டிப் பையன்கள் அதைப் பார்த்து மிஷினை நிறுத்துவார்கள். காட்டுக்காரர்களும் புரிந்துகொள்வார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் சேலத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி எங்கள் வண்டியைத் தேடி வந்தது. ராடு இறங்கும் சத்தத்தைக் கேட்டு, இன்னும் போகலாமா நிறுத்தலாமா என்று போனிலேயே சொல்கிற மாதிரி ஒன்றைச் செய்யப் போகிறார்களாம். அதற்கு என் காதில் இருப்பது வேண்டுமாம். வேலையைப் பார்த்தவர் கெங்கவல்லிப் பக்கத்து அம்மா. நாற்பது வயதைத் தாண்டியவர், இரண்டு பிள்ளைகளின் தாய். வண்டியில் ஒரு கருவியைக் கட்டினார். என் சட்டைக் காலரில் சின்ன மைக்கை மாட்டினார். காதில் கேட்பதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பிடப் போகும்போது மட்டும் மைக்கை அணைத்துக்கொள்ளலாம் என்று பொத்தானைக் காட்டினார்.

அந்த எட்டு மாதத்தை இப்போது நினைத்தாலும் மனசு நிறைகிறது. ஓமலூர்ப் பக்கம், ராசிபுரம் பக்கம் என்று ஒவ்வொரு காட்டுக்கும் காலையில் ஒரு பிளாஸ்க் நிறையச் சுக்குக் காப்பியோடு வந்து, கருவியைக் கட்டிவிட்டு, குழி முடியும் முன்பே சேலம் திரும்பிவிடுவார். முந்தின நாள் நான் சொன்னதையெல்லாம் கம்ப்யூட்டர் எழுத்தாக்கிக் காட்டும். முதலில் அதற்கு எங்கள் பேச்சு பிடிபடவில்லை. செய்தி வாசிக்கிற தமிழ்தான் அதற்குத் தெரியுமாம். “உங்க ஊருப் பேச்சுக்கு இத மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ்ல சேத்திருக்கேண்ணா” என்று சிரிப்பார். ‘கல்லு இறுகுதுங்க’ என்று நான் சொன்னது திரையில் வந்தபோது, என் பேச்சுக்கும் ஒரு மதிப்பா என்று கண் கலங்கிவிட்டது.

எண்பது குழிகள் முடிந்ததும் சோதனை. சங்ககிரிப் பக்கம் காய்ந்துகொண்டிருந்த ஒரு தென்னந்தோப்பு. இந்தத் தடவை நான் எதுவும் பேசக் கூடாது, மிஷின் சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தோப்புக்கார அம்மா குடத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பாதி ஆழத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அது வறண்ட குழி. கல்மாவு வெள்ளையாகப் பறந்தது. போனோ ‘தொடரலாம், தொடரலாம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ராடு மேல் ராடு இறங்கியது. பேசக் கூடாது என்றிருந்தார்கள். வழக்கமும் வாயைக் கட்டியது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: மிஷின் தோற்கட்டுமே என்று உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசையும் இருந்தது. மாட்டாமல் விட்ட செருப்பைப் பார்த்துக்கொண்டே ஒரு தென்னை மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பொழுது இறங்கும்போது ராடு தீர்ந்துபோய் நிறுத்தினார்கள். அந்த அம்மா வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

கம்பெனி முதலாளி கொதித்துவிட்டார். கெங்கவல்லி அம்மா செய்த புரோகிராம் தப்பு, இந்த மாதத்தோடு வேலையிலிருந்து நின்றுகொள்ளட்டும் என்றார். கெங்கவல்லி அம்மா இரண்டு நாள் அவகாசம் கேட்டார். ஒரு புரோகிராம் ஓடும்போது அதன் பின்னாலேயே போய், எந்த இடத்தில் எதைப் பார்த்து என்ன முடிவுக்கு வந்தது என்று எழுதிக்கொண்டே வரும் இன்னொரு புரோகிராம் இருக்கிறதாம். அதை ஓடவிட்டு, வந்த தாள்களைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அண்ணா, புரோகிராம்ல கோளாறு இல்ல. அதுக்கு வறண்ட குழின்னு ஒண்ணு இருக்கறதே தெரியல. நீங்க போட்டதுல ஒண்ணுகூடவா வறண்டு போகல?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு தடவையும் செருப்பை மாட்டுவதற்கு முன்னால் மைக்கை அணைத்திருந்தேன். சாமி பேரால் நடக்கிற இடத்தில் அந்தச் சொல் மைக்கில்கூட ஏறக் கூடாது என்று நினைத்தேன். பாதியில் மைக் நின்ற குழிகளை அரைகுறை என்று கம்ப்யூட்டர் தானாகவே ஒதுக்கிவிட்டிருக்கிறது. அது கேட்டதெல்லாம் தண்ணீர் வந்த குழிகளை மட்டும்தான்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “கைராசிங்க அம்மிணி” என்றேன். அவர் தாள்களை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் விளக்கு முன்னால் நின்றால் கந்தர் பேர் வாயில் வரவில்லை. மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் சங்ககிரி போனேன். தோப்புக்கார அம்மா மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். பாதியிலேயே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. மட்டையைக் கீழே போட்டார்.

“தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானுங்களே. இதா வருது அதா வருதுன்னு பொழுதுக்கும் குடத்த மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தேன். இல்லீங்கன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா, எந்திரிச்சுப் போயி எருமைக்குத் தண்ணி காட்டியிருப்பேன்.”

“குடம் இருக்கற எடத்துல சொல்லக் கூடாதுங்களே.”

“ஏனுங்க, கடவுளுக்குத் தெரியாததையா நீங்க புதுசாச் சொல்லிப்போடப் போறீங்க?”

அங்கிருந்து நேராகச் சேலம் போனேன். கம்பெனியில் முதலாளி முன்னால், கெங்கவல்லி அம்மாவையும் வைத்துக்கொண்டு, மைக்கை அணைத்ததைச் சொன்னேன். செருப்பு விஷயத்தையும் சொன்னேன். கேட்ட முதலாளி, கைராசிக்காரர் என்று நாலு பேர் சொன்னதால்தானே உங்களைப் பிடித்தேன் என்றார்.

“கைராசி பாதிதானுங்க. மீதிய நாந்தான் மூடி வெச்சிருந்தேன். அம்மிணி மேல தப்பு இல்லீங்க.”

கெங்கவல்லி அம்மா பிளாஸ்க்கைத் திறந்து எனக்கு ஊற்றிக் கொடுத்தார். “இத நேத்தே சொல்லியிருந்தா, காலையில நான் என் சாமான எல்லாம் பையில கட்டியிருக்க மாட்டேண்ணா” என்றார். அதில் கோபமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. முதலாளி அவரை அந்தப் பையைப் பிரிக்கச் சொன்னார்.

ஒதுக்கிய குழிகளின் சத்தம் அழியவில்லை. என் பேச்சுதான் அதில் இல்லை. அதைக் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. மூன்று காலை, எங்கள் சாமி அறையில் விளக்கேற்றி வைத்து, காதில் மாட்டிக் கேட்டேன். கேட்கக் கேட்க ஒவ்வொரு காடும் கண்முன் வந்து நின்றது. ஒரு குழியில் பின்னால் மயில் அகவியது. ஒன்றில் யாரோ ஒரு கைக்குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் ஒரு பெண்குரல் ‘இன்னுங் கொஞ்சம் எறக்குங்க’ என்று கெஞ்சியது. அந்தக் குடங்களை எல்லாம் மனசில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டு, ‘இங்க இல்லீங்க’ என்று வாய்விட்டுச் சொன்னேன். இருபத்தாறு தடவை. என் வீட்டுக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்தபோது விளக்கு நின்று எரிந்தது. எந்தச் சாமியும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இப்போது நான் வண்டி ஏறுவதில்லை. போன மாசி மாதம் ஓமலூர்ப் பக்கம் சொந்தக்காரர் காட்டில் போர் போட்டார்கள். வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். சாயங்காலம் ஆவதற்கு முன்பே போன் ‘இங்க இல்லீங்க’ என்றது. நான் சாமி அறையில் சொன்ன அதே சொல். அந்த வீட்டு அம்மா ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார். நான் மரத்தடியில் விட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் பக்கம் இந்தக் கதை இரண்டு விதமாக உலவுகிறது. மிஷின் கைராசிக்காரனை ஜெயித்துவிட்டது என்கிறார்கள் சிலர். அவன் இல்லாமல் மிஷின் தோற்றது என்கிறார்கள் சிலர். இரண்டும் நடக்கவில்லை. படிக்கிற நீங்கள் நாலு பேருக்குச் சொன்னால் இதில் உள்ளபடியே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு, நான் மைக்கை அணைத்ததையும், கெங்கவல்லி அம்மாவிடம் கைராசி என்று பொய் சொன்னதையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.