புட்டிங்கை உறைய வைப்பது எது?

பேக்கரிக் கவுன்டர் வேலை சுலபம் என்று நினைப்பவர்கள் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள். இந்தப் பக்கம் நிற்கும் உங்களுக்குத் தெரியும், "இதுல என்ன சேர்த்திருக்கு?" என்று யாராவது கேட்டால் எப்படி வியர்க்கும் என்று. தென்காசியிலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து நானும் வியர்த்தவள்தான்.

முட்டை சேராதது

பக்கத்துத் தெரு ஜைன அம்மா மாதக்கணக்காக எங்களிடம் மாம்பழப் புட்டிங் வாங்குபவர். ஒருநாள், "ஜெலட்டின் உண்டோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய் பேக்கரி மாஸ்டர் சலீம் இக்காவிடம் கேட்டேன்; இக்கா என்றால் இங்கே அண்ணன். புட்டிங்கை உறைய வைக்கும் பொடியே அதுதான், மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது என்றார்.

வந்து அப்படியே சொன்னேன். அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. கண்ணாடியில் நாங்கள் ஒட்டியிருந்த சீட்டைத் தொட்டுக் காட்டினார். "முட்டை இல்லைன்னு எழுதினது சத்தியம்தான் மோளே. எலும்பு இல்லைன்னு நீங்க எழுதலையே."

புதுப் பாக்கெட்

அதே வாரம் கலூர் மொத்தக் கடையிலிருந்து வேறு ஜெலட்டின் வந்தது. பழைய பாக்கெட்டில் மாடு, ஹலால் என்று அச்சிட்டிருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. அந்தக் கடைக்காரரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டால், "எல்லாரும் இதான் வாங்குறாங்க" என்றார். இக்கா பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் புட்டிங் தட்டு காலி. முதலாளி கத்தினார். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். இக்கா குரலை உயர்த்தவில்லை. "எந்த மிருகம்னு தெரியாம என் பிள்ளைங்களுக்கு இதைக் கொடுக்க மாட்டேன், முதலாளி. ஊர்க்காரங்களுக்கு மட்டும் எப்படிக் கொடுக்கிறது?"

சைனா கிராஸ்

கடைசியில் கடற்பாசியில் செய்யும் சைனா கிராஸுக்கு மாறினோம். நன்றாகக் கொதிக்க வைத்துக் கரைக்க வேண்டும், அளவு கொஞ்சம் கூடினாலும் கல்லாகிவிடும். எங்களுக்குக் கூடிவிட்டது. முதல் கிண்ணத்தை வாங்கிய இடக்கொச்சி ஆட்டோக்காரர் கரண்டியைக் குத்தினார். அது அப்படியே நின்றது. "சேச்சி, இது தின்னவா, துணி துவைக்கவா?"

வயிற்று வலி

அளவு பிடிபட்ட பிறகு, தேவராவிலிருந்து ஒருவர் மகள் பிறந்தநாளுக்கு வாங்க வந்தார். வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் தின்னக்கூடியதாக வேண்டும் என்றார். எதில் செய்தது என்று விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "போன வருஷம் ஒரு குட்டி புட்டிங்கைத் தொடாம, வயிறு வலிக்குதுன்னு சொல்லி மூலையில உட்கார்ந்திருந்துச்சு. இந்த வருஷம் அதுக்கு வலிக்காது."

இப்போது எங்கள் கடைச் சீட்டில், பண்டத்தின் பெயரைவிட அதில் இல்லாதவற்றின் பெயர்தான் நீளம்.