அப்பா சொல்றதுதான் சரி

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கில அகராதி இருக்கிறது. செங்கல் கனம். தூசி தட்டுவதற்குக்கூட நான் அதைத் தொடுவதில்லை. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் தலைமை எழுத்தராக இருந்த அப்பா, அதை வைத்துக்கொண்டு ஊரையே திருத்தினார். கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை, பஸ்ஸின் முதுகில் எழுதியிருப்பது, எதுவும் அவரிடம் தப்பாது. முதலாளியே அவர் பார்த்துக் கொடுத்த பிறகுதான் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார் என்பது வாழ்நாள் பெருமை. அந்தப் பெருமைக்காக நானும் ஆங்கில பி.ஏ. படித்துத் தொலைத்தேன்.

எனக்கு இருபத்து நான்கு வயதில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளி ஆசிரியர். வாசலில் இறைந்து கிடந்த செருப்புகளை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதுவே போதுமாயிருந்தது. பிடித்துப்போயிற்று என்று இப்போது வெட்கமில்லாமல் எழுதுகிறேன். என்னைப் பற்றி ஆங்கிலத்தில் டைப் அடித்து வைத்திருந்த தாளை அப்பா நீட்டினார். மாப்பிள்ளை படித்தார், சிரித்தார், "இந்த எடத்துல இந்த வார்த்தை வராதுங்களே" என்றார். எந்த வார்த்தை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் சண்டைக்கு வருவீர்கள்.

"முப்பது வருஷமா எழுதிக்கிட்டிருக்கேன், எனக்கே சொல்லித் தரீங்களா?" என்று அப்பா ஆரம்பித்தார். மாப்பிள்ளையும் விடவில்லை. பணிவாகத்தான் பேசினார், ஆனால் விடவில்லை. கம்பெனியிலிருந்து கொண்டுவந்த புதுக் கோப்பைகளில் டீ ஆடை கட்டிப் போயிற்று. "விடு தம்பி, வந்த வேலையப் பாப்போம்" என்று மாப்பிள்ளையின் அம்மா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். கடைசியில் அப்பா என்னைக் கூப்பிட்டார். "இவ இங்கிலீஷ் பி.ஏ. இவளே சொல்லட்டும்." தாளைப் பார்த்தேன். மாப்பிள்ளை சொன்னதுதான் சரி. முதல் வருஷ மாணவிக்கே தெரியும். அப்பா அந்தத் தாளை விடாமல் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா சொல்றதுதான் சரி" என்றேன். மாப்பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்ட பார்வை. "போயிட்டு வரோம்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் வரவேயில்லை. "தெரிஞ்சும் அப்பாவுக்குப் பயந்துகிட்டு மாத்திச் சொல்ற பொண்ணு வேணாம்னுட்டாருங்க" என்று மறுநாள் தரகர் வந்து சொன்னார்.

அன்றைக்கு அவர்கள் தெருமுனை தாண்டியதுமே அப்பா அகராதியை எடுத்ததை நான் பார்த்தேன். புரட்டினார், விரல் வைத்துப் படித்தார், மறுபடியும் படித்தார். மூடி மேல்தட்டில் வைத்துவிட்டு, "சாப்பாடு ஆச்சா?" என்றார். "தப்பு என்னுதுதான்" என்று அன்றைக்கு அவர் வாய் திறந்து சொல்லியிருந்தால், நானே பஸ் ஏறி ஸ்ரீமுஷ்ணத்தில் போய் இறங்கியிருப்பேன்! அதன் பிறகு வந்த வரன்களையெல்லாம் அவர்கள் எழுதிய ஆங்கிலத்தை வைத்தே கழித்துக்கட்டினார். "இங்கிலீஷு சரியா இருந்து என்னா பண்றது, பொண்ணு வூட்டுலயே இருக்குது" என்று அம்மா சாகும்வரை புலம்பினார்.

இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன், தலையெழுத்தைப் பாருங்கள். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாள் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று, "அந்த ஸ்ரீமுஷ்ணத்துப் பையன் ஒரு வார்த்தைக்கு மல்லுக்கு நின்னானே, டிக்ஷ்னரிய எடுத்து யாரு சரின்னு பாரு" என்றார். நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். தேட வேண்டியிருக்கவில்லை, அந்தப் பக்கத்தின் முனை மடித்து வைத்திருந்தது. மடித்தது நானில்லை. இருபத்தெட்டு வருஷம் கழித்து எனக்கு வாய் திறந்தது.

"அவர் சொன்னதுதான்ப்பா சரி. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அப்பா கையை நீட்டி அகராதியின் கிழிந்த அட்டையைத் தடவினார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றே நினைத்தது என் பாழாய்ப்போன மனசு.

"தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருக்க வேண்டியதுதானேம்மா?" என்றார்.

அகராதியை மேல்தட்டில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து செய்தித்தாளைப் படித்தேன்.